அக்கா கழற்றிய விளக்கு

என் அக்கா மைக்ராஸ்கோப்பை உடைத்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு நீச்சல்குளக் கரையில் வந்து சேர்ந்தது. என் பையன் தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து பெஞ்சில் துண்டு மடித்துக்கொண்டிருந்த பெண்மணியின் கணவர், அக்கா வேலை பார்க்கும் பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஏசி பராமரிக்கிறவர். அங்கே காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபோது காதில் விழுந்ததை அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து அது என்னிடம் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்கா கோவத்துல மெஷினை உடைச்சிட்டாங்களாமே? ஒயரையெல்லாம் பிச்சு எறிஞ்சிட்டாங்களாம். பாவம், கொஞ்ச நாளா மனசு சரியில்லையாமே?"

"யாருங்க சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்களாம்."

இந்த நாட்டுக்கு வந்த நாள்முதலே தபால்பெட்டியில் எந்த உறை கிடந்தாலும், திருப்பி அனுப்பும் உத்தரவு என்றுதான் முதலில் நினைப்பேன். கெட்ட செய்தியை நம்ப எனக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. பையனை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, தலை துவட்டாமலே அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். பாதி வழி போன பிறகுதான், தேநீர்க் கோப்பையைக்கூட மேசையில் சத்தம் வராமல் வைக்கிறவள் என் அக்கா என்பது நினைவுக்கு வந்தது.

அக்கா வேலை பார்ப்பது ஜன்னலே இல்லாத தரைக்கீழ் அறையில். நுண்ணோக்கி இருக்கும் மேசை காற்றழுத்தத்தில் மிதக்கிறது. வெளியே லாரி போனாலும் அது அசையக்கூடாது. அந்த அறையில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டால் அது திரையின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்று அக்கா எப்போதும் ஒரு கறுப்பு ஸ்வெட்டர்தான் போடுவாள், முழங்கை நைந்தது. படம் பிடிக்கும் நேரத்தில் மூச்சைக்கூட மெதுவாக விடுவாள். இந்தப் பழக்கமெல்லாம் அவள் கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. விளக்குப் போடாமல் அறை அறையாக நடப்பாள்.

"திடீர்னு பக்கத்துல வந்து நின்னு 'என்னங்க'ங்கறா. உசிரே போயிடுது மாப்ள" என்பார் அத்தான். "கழுத்துல ஒரு மணி கட்டி விடணும் இவளுக்கு."

அவள் மகள் அவளுக்கு வைத்த பெயர் ஆந்தை. ஊரிலிருந்து அம்மா போன் செய்தால்கூட "ஆந்தை சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்பாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய வேலையை யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். பட்டனை அழுத்தினால் போகிறது. அக்காவின் வேலையைப் பற்றி அவர் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. "எலியோட இதயத்துலேர்ந்து செல்லை எடுக்கறது, கிண்ணத்துல போட்டு வளக்கறது, ஞாயித்துக்கிழமை பெத்த பொண்ணு பட்டினி கிடந்தாலும் அதுக்குப் போய் ஊட்டி விடறது." ஊட்டுவது என்றால் கிண்ணத்திலிருக்கும் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதுத் திரவம் விடுவது. ஒரு முறை தவறினாலும் அந்தச் செல்கள் வாடிவிடும். நானும் ஒருமுறை கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டியபடி, உடம்பே இல்லாமல், அவை தம்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. எனக்கு என்னவோ போல் இருந்தது. அக்கா, தொட்டில் குழந்தையைக் காட்டுவதுபோல், "இங்க பாரு, இது கொஞ்சம் சோம்பேறி" என்றாள்.

அந்தச் செல்லுக்குள் நூல் நூலாக இருப்பவை மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிப்பவை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒளிரும் சாயம் ஏற்றினால் இருட்டில் பச்சைப் பட்டுநூலை உதறிப் போட்டதுபோல் தெரியும். நாம் பதறும்போது உடம்பில் சுரக்கும் அட்ரீனலினை ஒரு துளி விட்டதும் சில நிமிடங்களில் அந்த நூல்கள் அறுந்து மணிமணியாக உதிர்வதை அக்கா படமெடுத்தாள். பதற்றம் இதயத்தை எப்படித் தின்கிறது என்பதை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் ஆய்வகத் தலைவிக்குப் பெரிய நிதி வந்தது. நிதியை வைத்து அக்காவுக்கு வேலை. வேலையை வைத்து அத்தானுக்கும் மகளுக்கும் இங்கே தங்க அனுமதி. அது புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது அக்கா மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் சோபாவில் டிவியை ஊமையாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"உடைச்சிட்டியாமே?" என்றேன்.

"பாத்தியா, நீச்சல்குளம் வரைக்கும் போயிடுச்சு" என்றார் அத்தான்.

"விளக்கோட ஒயரைக் கழட்டி வச்சேன்டா. அவ்ளோதான்" என்றாள் அக்கா. "அடுத்து வந்த பையன் சுவிட்சைப் போட்டிருக்கான், எரியல. உடைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டான். ஒரு சீட்டு ஒட்டியிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்."

"எதுக்குக் கழட்டின?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த விளக்குதான் எல்லாத்தையும் பண்ணியிருக்கு."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அந்த அட்ரீனலின் மருந்தைத் துளியாக விடும்போது கிண்ணம் லேசாக அசையும். அசைந்தால் பார்த்துக்கொண்டிருந்த செல் மங்கிப்போகும். படம் பிடிப்பது மெல்லிய லேசர் ஒளியில்தான்; ஆனால் மங்கியதை மறுபடி தெளிவாக்க, பெரிய நீல விளக்கைப் போட்டுக் கண்ணாலேயே தேடிப் பிடிப்பார்கள். ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மருந்தில்லாத கிண்ணங்களுக்கு வெறும் உப்புநீரை வெளியிலேயே கலந்து, அதன் பிறகே நுண்ணோக்கியில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு அவை அசையவில்லை. அசையாததால் யாரும் விளக்கைப் போட்டுத் தேடவில்லை.

போன மாதம் அந்த விளக்கின் பல்ப் போய்விட்டது. புது பல்ப் வரத் தாமதமானது. வேலை நிற்கக்கூடாதே என்று அக்கா சாதாரண மங்கல் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிச் செல்லைப் பிடித்து, மருந்தை விட்டாள். நூல் நூலாகவே இருந்தது. மருந்து கெட்டுப்போயிற்று என்று புது பாட்டில் திறந்தாள். அப்போதும் நூல். பல்ப் வந்தது, மாட்டினாள், மணிமணியாக உதிர்ந்தது. அன்றைக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றார் அத்தான். கடைசியில், யாருக்கும் செய்யத் தோன்றாத ஒன்றைச் செய்து பார்த்தாள். மருந்தே விடாத கிண்ணத்தில் விளக்கை மட்டும் போட்டாள்.

"உதிர்ந்துச்சா?"

"அப்படியே. அதே நேரத்துல, அதே மாதிரி."

என் முகத்தில் புரியாமை தெரிந்திருக்க வேண்டும். சுவரில் மகளின் பிறந்தநாள் புகைப்படம் மாட்டியிருந்தது. அக்கா அதைக் காட்டினாள். "ஃபிளாஷ் போட்டு இவளைப் போட்டோ எடுக்கறோம். எல்லா போட்டோவுலயும் கண்ணை மூடியிருக்கா. உடனே, கேக் சாப்பிட்டா இவளுக்குக் கண்ணு மூடிக்குதுன்னு உலகத்துக்கே எழுதி அனுப்பிட்டோம். நான் பண்ணினது அதுதான்."

"அதுக்கு மேடையில கூப்பிட்டுப் பாராட்டு வேற" என்றார் அத்தான். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அக்கா இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள்.

ஆய்வகத் தலைவிக்கு அத்தான் வைத்த பெயர் பெரியம்மா. முதல்முறை வீட்டுக்கு வந்தபோதே அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு, "காபியைக் குறைங்க, தூக்கம் வராது" என்று அத்தானுக்குப் புத்தி சொன்னவர். கெட்டவர் இல்லை. அக்காவின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தவர். அந்தப் பெரியம்மாவிடம்தான் அக்கா போன வாரம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ன சொன்னாங்க?"

"பேனாவைத் திறந்து திறந்து மூடினாங்க. அப்புறம், நீ சொல்றது சரியாவே இருக்கலாம், ஆனா ஒரு தடவை பாத்தது பத்தாது, திரும்பத் திரும்பச் செஞ்சு காட்டுன்னாங்க. நியாயம்தானே? சரின்னு இறங்கினேன். அதுக்கு முன்னாடி வேற யாரும் அந்த விளக்கைப் போட்டு இன்னும் நாலு கிண்ணத்தைக் கெடுக்கக்கூடாதேன்னு ஒயரைக் கழட்டினேன். மறுநாள் கார்டைத் தேய்க்கறேன், கதவு திறக்கல."

கருவியைச் சேதப்படுத்தியதாகப் புகார். விசாரணை முடியும்வரை அந்தத் தளத்துக்குள் அவள் போகக்கூடாது. யார் விசாரிப்பார்கள், எப்போது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மாவைக் கேட்டால், "நீ களைச்சுப்போயிருக்க, இதையே லீவா நினைச்சுக்கோ. மாநாடு முடிஞ்சு வந்து பேசலாம்" என்றாராம்.

மாநாடு செவ்வாய்க்கிழமை, வேறு நாட்டில். பெரியம்மாவின் உரை அங்கே முக்கியமானது. அதில் அக்காவின் படம் பெரிய திரையில் ஓடும். நூல் உதிரும், கீழே அக்காவின் பெயர் வரும்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துக்கோயேன்கா. உன் வேலை நீட்டிப்புல அவங்க கையெழுத்துப் போட்டுடட்டும். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம். தப்பு எங்கயும் ஓடிடாது."

அக்கா சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். "இதுவரைக்கும் பண்ணினது தெரியாமப் பண்ணின தப்புடா. செவ்வாய்க்கிழமை அந்தப் படம் ஓடிச்சுன்னா, அது தெரிஞ்சு சொன்ன பொய். அதுவும் என் பேருல."

"அப்ப நீயே எழுதி அனுப்பிடு. கட்டுரை போட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு."

"கட்டுரை அவங்களுது. அவங்க சம்மதம் இல்லாம நான் எழுதினா, உன் சோதனையைக் காட்டுன்னு கேப்பாங்க. சோதனை பூட்டின அறைக்குள்ள இருக்கு."

அத்தான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "லிஃப்டுக்கு ஒரு கயிறு போட்டு நாங்க விடமாட்டோம் மாப்ள. நாலஞ்சு போடுவோம், ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். நம்ம வீடு ஒத்தக் கயித்துல தொங்குது. அதையும் இவளே அறுக்கப்போறா."

"அறுக்கட்டுமா வேணாமா?" என்று அக்கா அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

அவர் டிவியைப் பார்த்தார். "என்னை ஏன் கேக்கற. எனக்கு லிஃப்ட் தெரியும்."

மறுநாள் ஞாயிறு. செல்களுக்கு ஊட்டும் நாள். கதவு திறக்காது என்று தெரிந்தும் அக்கா கிளம்பினாள். அவளைத் தனியாக விடாதே என்று அத்தான் என்னை அனுப்பினார்.

கட்டடம் காலியாக இருந்தது. எங்கோ குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம். படியிறங்கி, அவள் தளத்தின் கதவுக்கு முன்னால் நின்று கார்டைத் தேய்த்தாள். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். சிவப்பு. கதவிலிருந்த சிறிய கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க முடிந்தது. நடைபாதையின் கடைசியில் செல்களை வைக்கும் வெப்பப் பெட்டியின் முகப்பில் எண்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். "பசிதான்."

மேலே போய்க் காவலாளியிடம் கேட்டாள். அவருக்கு அக்காவை நன்றாகத் தெரியும், ஞாயிறுதோறும் கையசைக்கிறவர்.

"ஒரு பத்து நிமிஷம்ண்ணே. நீங்களே கூட வாங்க. நான் மைக்ராஸ்கோப் பக்கமே போகல. செல்லுக்குத் தண்ணி மாத்திட்டு வந்துடறேன்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் கையில ஒண்ணும் இல்லம்மா. உங்க பேரு சிவப்புல வருது. திறந்தேன்னா என் பேரும் சிவப்புல வரும்."

"வேற யாரையாவது விட்டு ஊத்தச் சொல்ல முடியுமா?"

"இன்னைக்கு யாரும்மா வருவா? நீங்க ஒருத்தங்கதான் வருவீங்க."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினாள். தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேருக்குப் போன் செய்தாள். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "இந்த நேரத்துல நான் இதுல தலையிட்டா நல்லா இருக்காது, புரிஞ்சுக்கோங்க" என்றார். புரிந்துகொண்டாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று சொன்னாள். "திரும்பச் செஞ்சு காட்டுன்னாங்க இல்ல? அதுக்குன்னே தனியா எடுத்து வச்ச கிண்ணம்டா அதெல்லாம். செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒண்ணும் துடிக்காது." ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரியம்மாவுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினாள். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் இருக்கட்டும், பழியை என்மேல் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அனுப்புவதற்கு முன் மொழி சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு மொழியில் படித்தவன் என்று அவளுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. கெஞ்சுகிற வாக்கியங்கள் தமிழில் யோசித்து எழுதியவை. இந்த நாட்டு மொழியில் அவை நிமிர்ந்து நின்று சண்டைக்கு வருவதுபோல் இருந்தன. எவ்வளவோ மாற்றிப் பார்த்தேன், தணியவில்லை. அப்படியே அனுப்பினோம். பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். மாநாட்டின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. காலி மேடை, ஒரு மைக், பின்னால் ஒரு பெரிய வெள்ளைத் திரை. மதிய இடைவேளை. அது முடிந்ததும் பெரியம்மாதான்.

மகள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் கதவோரம் நின்று கேட்டாள்.

"ம்மா, நாம ஊருக்குத் திரும்பிப் போறோமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பா என் சர்டிஃபிகேட்டெல்லாம் எடுத்து ஒரு கவர்ல போட்டுக்கிட்டிருந்தாரு."

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். வேலை உடுப்போடு, கிரீஸ் படிந்த கையோடு, மதியச் சாப்பாட்டுக்கென்று வந்தவர், சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"சும்மா அடுக்கி வச்சேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "போன் பண்ணு. பண்ணிப் பாரு. நாளைக்கு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு நீ ராத்திரி முழுக்க நடந்தீன்னா என்னால தூங்க முடியாது."

"எடுத்து, முடியாதுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். நாம கேட்டோம் இல்ல?"

"எடுத்து, சரின்னு சொல்லிட்டா?" என்றேன் நான். வாயிலிருந்து வந்த பிறகுதான், அதுவும் எவ்வளவு பயமான கேள்வி என்று உறைத்தது. படம் போனால் நிதி போகும். அதோடு வேலையும், இங்கே தங்கும் அனுமதியும். மகள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

திரையில் ஒருவர் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கேமரா அரங்கின் பக்கம் திரும்பியது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இருக்கைகளில் அமரத் தொடங்கினார்கள். முன்வரிசையின் ஓரத்தில் பெரியம்மாவின் நரைத்த தலை தெரிந்தது. கைப்பை மடியில் இருந்தது.

அக்கா எண்ணை அழுத்தி, போனைக் காதில் வைத்தாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. திரையில் பெரியம்மா குனிந்து கைப்பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அப்படியே குனிந்திருந்தார்.

"பாக்கறாங்க" என்றாள் மகள்.

அக்கா பேசாதே என்று கையை உயர்த்தினாள். சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை அவள் உதடு சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. திரையில் யாரோ பெரியம்மாவின் தோளைத் தொட்டு மேடையைக் காட்டினார்கள். அவர் எழுந்துகொள்ளவில்லை. கையைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. அத்தான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஸ்வெட்டரில் கிரீஸ் ஒட்டுவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.